கொடுத்தவன் கடனாளி ஆன கதை

முல்லைக்குத் தேர் குடுத்தான் பாரி, மயிலுக்குப் போர்வை குடுத்தான் பேகன் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தவர்கள்தான் நாம் எல்லோரும். தேர் செய்த தச்சன் யார், அதற்கு மரம் சுமந்தவன் யார், போர்வையை நெய்த கை யாருடையது என்று எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. கொடுப்பவன் என்றால் மேலே இருப்பவன். வாங்குகிறவன் என்றால் கீழே நிற்பவன். வள்ளல் என்ற சொல்லுக்குள்ளேயே இந்த மேல்கீழ் உட்கார்ந்திருக்கிறது. கீழே இருக்கிறவன் கொடுத்தால் அதற்கு என்ன பெயர்? கடமை என்று பெயர். விசுவாசம் என்று பெயர். வெட்டி என்றும் பெயர் உண்டு. வள்ளல்தன்மை என்று மட்டும் பெயர் கிடையாது.

இன்றைக்குப் பணம் சம்பாதிக்கிற பெரிய ஆட்டக்காரர்களில் அறக்கட்டளை வைக்காதவர்கள் குறைவு. ஆள் உயரத்துக்கு அட்டையில் காசோலை அச்சடித்து, மேடையில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதைக் கிண்டல் பண்ணுவது என் நோக்கமில்லை. அந்தப் பணத்தில் ஒரு குழந்தைக்கு மருந்து கிடைத்தால் கிடைக்கட்டும். என் கேள்வி வேறு. ஒடுக்கப்பட்ட சனத்திலிருந்து வந்த ஒரு விளையாட்டு வீரன் கொடுக்கும்போது, அதை வாங்கிக்கொள்கிற அரசும் சமூகமும் அதை எந்தக் கணக்கில் எழுதுகின்றன? வரவிலா, செலவிலா, கடனிலா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போது எனக்கு முன்னால் வந்து நிற்பவர் அமெரிக்கக் கறுப்பினக் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ்.

வடசென்னைக்காரர்களுக்கு இந்தப் பெயர் புதிதில்லை. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று கையுறை மாட்டின பெரியவர்கள் வாயில் லூயிஸ் பெயர் புழங்கியதை நான் சின்ன வயசில் கேட்டிருக்கிறேன். "அவன் அடிச்சா எழுந்திருக்க மாட்டான்டா" என்பார் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர். அடித்த கதை எல்லோருக்கும் தெரியும். கொடுத்த கதை யாருக்கும் தெரியாது. அதனால்தான் அதை எழுதுகிறேன்.

லூயிஸ் பிறந்தது 1914ஆம் ஆண்டு மே 13, அலபாமா மாநிலத்தில். அப்பா அம்மா இருவருமே முன்னாள் அடிமைகளின் பிள்ளைகள். எட்டுப் பிள்ளைகளில் இவர் ஏழாவது. குடும்பம் செய்தது வாரத்துக்குப் பயிர் வைக்கும் வேலை. அமெரிக்கத் தெற்கில் வாரக்குடி என்றால் என்ன என்பதை நம் ஆட்களுக்கு விளக்க வேண்டிய தேவையே இல்லை. நிலம் வெள்ளைக்காரனுடையது. விதை, உரம், சாப்பாட்டுத் தானியம் எல்லாம் அவனிடமோ அவன் சொல்கிற கடையிலோ கடனாக வாங்கணும். பருத்தி அறுவடை முடிந்ததும் கணக்குப் பார்ப்பார்கள். கணக்குப் புத்தகம் அவன் கையில். எழுதுவது அவன், கூட்டுவது அவன். கூட்டி முடித்ததும் வருசம் பூரா உழைத்த குடும்பம் இன்னும் பாக்கி தரணும் என்று வரும். தஞ்சாவூர்ப் பண்ணையாளும் அதைத்தானே கண்டான். லூயிஸின் கதையைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்குப் புத்தகத்தை மறக்காமல் வைத்துக்கொள்ளணும். கடைசிவரை அது கூடவே வரும்.

1926இல், வெள்ளை இனவெறிக் கும்பலான கூ க்ளக்ஸ் க்ளான் ஆட்களின் மிரட்டலுக்குப் பிறகு, குடும்பம் வடக்கே டெட்ராய்ட் நகரத்துக்கு ஓடியது. அங்கே ஃபோர்டு கார்த் தொழிற்சாலை வேலை. 1929க்குப் பிறகு வந்த பெரும் பொருளாதார மந்தத்தில் வேலை போனது. நகராட்சி கொடுத்த நிவாரணப் பணத்தில் வீடு சாப்பிட்டது. பின்னாளில் குத்துச்சண்டையில் நாலு காசு பார்த்ததும் லூயிஸ் என்ன செய்தார் தெரியுமா? தன் குடும்பம் வாங்கின நிவாரணப் பணத்தை டெட்ராய்ட் நகராட்சிக்குத் திருப்பிக் கட்டினார். யாரும் கேட்கவில்லை. சட்டம் கேட்கவில்லை. ஆனாலும் கட்டினார்.

பத்திரிகைகள் இதைப் புகழ்ந்து எழுதின. "நல்ல நீக்ரோ" என்று சொல்வதற்கு இதைவிட வேறென்ன வேணும்? எனக்கு இந்தப் புகழ்ச்சியில் உடன்பாடு இல்லை. நிவாரணம் என்பது பிச்சை அல்ல. அடிமையாய் உழைத்த தாத்தன் பாட்டிக்கு அந்த நாடு தரவேண்டிய கூலிப் பாக்கியில் அது ஒரு தூசு. அதைக்கூடத் திருப்பிக் கட்டியாகணும் என்று ஓர் இளைஞனின் மனசு நினைக்கிறது என்றால், அந்தக் கணக்குப் புத்தகம் எவ்வளவு ஆழமாய் அவனுக்குள் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்கணும்.

லூயிஸ் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு ஒரு சட்டதிட்டமே இருந்தது. அவருக்கு முன்னால் கனரகப் பிரிவில் உலகப் பட்டம் வென்ற முதல் கறுப்பர் ஜாக் ஜான்சன். 1908 முதல் 1915 வரை பட்டம் அவரிடம் இருந்தது. ஜான்சன் யாருக்கும் தலைகுனியாதவர். அடித்து வீழ்த்திய வெள்ளையனைப் பார்த்துச் சிரிப்பார், வெள்ளைப் பெண்களோடு வெளிப்படையாக வாழ்ந்தார். 1913இல் அவரைக் குற்றவாளியாக்கினார்கள். அந்தத் தீர்ப்புக்கு மன்னிப்பு வந்தது 2018இல், அவர் செத்து எழுபது வருசம் கழித்து. ஜான்சனுக்குப் பிறகு இருபது வருசத்துக்கு மேல் எந்தக் கறுப்பனையும் அந்தப் பட்டத்தின் பக்கம் அண்டவிடவில்லை. ஆகவே லூயிஸின் மேலாளர்கள், அவர்களும் கறுப்பர்கள்தான், ஜான் ராக்ஸ்பரோவும் ஜூலியன் பிளாக்கும், பையனுக்குப் பாடம் நடத்தினார்கள். வெள்ளைப் பெண்ணோடு நின்று படம் எடுக்காதே. விழுந்தவனைப் பார்த்துச் சிரிக்காதே. பணிவாய் இரு. இந்தப் பணிவின் ஒரு பகுதியாகத்தான் கொடையும் வந்து சேர்ந்தது என்று நான் நினைக்கிறேன். கறுப்பன் பட்டம் வைத்துக்கொள்ளணும் என்றால் அதற்கு வாடகை கட்டிக்கொண்டே இருக்கணும்.

1937 ஜூன் 22 அன்று ஜேம்ஸ் பிராடக்கை வீழ்த்தி லூயிஸ் உலகப் பட்டம் வென்றார். சரியாக ஒரு வருசம் கழித்து, 1938 ஜூன் 22 அன்று, நியூயார்க்கின் யாங்கி அரங்கில் செர்மானியர் மாக்ஸ் ஷ்மெலிங்கை 124 நொடியில் சாய்த்தார். இட்லரின் இனப்பெருமைக்கு விழுந்த அடி என்று அமெரிக்கா முழுக்கக் கொண்டாடியது. கொண்டாடின வெள்ளையர்கள் மறுநாள் காலையில் பேருந்தில் கறுப்பனைப் பின்னால்தான் உட்காரச் சொன்னார்கள்.

இப்போது 1942க்கு வருவோம். 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் துறைமுகத்தில் சப்பான் குண்டு போட்டது. ஒரே மாசம் கழித்து, 1942 ஜனவரி 9 அன்று, மேடிசன் ஸ்கொயர் கார்டனில் லூயிஸ் பட்டி பேரோடு மோதினார். முதல் சுற்றிலேயே ஆள் அவுட். இந்தப் போட்டியில் லூயிஸ் தன் பங்குப் பணம் முழுவதையும் கடற்படை நிவாரணச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார். சங்கத்துக்குப் போனது 47,000 டாலர். இது கண்காட்சிப் போட்டி அல்ல என்பதைக் கவனிக்கணும். உலகப் பட்டத்தையே பணயம் வைத்து ஆடிய ஆட்டம். தோற்றிருந்தால் பட்டமும் போயிருக்கும், கையில் காசும் இருந்திருக்காது.

யாருக்குக் கொடுத்தார்? அமெரிக்கக் கடற்படைக்கு. அன்றைய கடற்படையில் கறுப்பனுக்கு என்ன இடம்? சமையற்கட்டு. அதிகாரிகளுக்குச் சோறு பரிமாறணும், தட்டுக் கழுவணும், அவர்கள் சப்பாத்துக்குப் பாலிஷ் போடணும். துப்பாக்கி தொடும் வேலையில் கறுப்பனைச் சேர்க்கவே மாட்டார்கள். பேர்ல் துறைமுகத்தில் 'மேற்கு வர்ஜீனியா' என்ற போர்க்கப்பலில் டோரி மில்லர் என்ற கறுப்பு மெஸ் பணியாள் இருந்தார். குண்டு விழுந்த நேரத்தில் காயம்பட்ட கப்பல் தலைவரைத் தூக்கி அப்புறப்படுத்தினார். யாரும் கற்றுத்தராத இயந்திரத் துப்பாக்கியைப் பிடித்து விமானங்களைச் சுட்டார். லூயிஸ் போட்டி நடந்த அந்த ஜனவரியில் இவர் பெயரைக்கூடக் கடற்படை வெளியே சொல்லவில்லை. கறுப்பினப் பத்திரிகைகளும் இயக்கங்களும் விடாமல் கத்தின பிறகுதான் பெயர் வெளியே வந்தது. மே மாசம் பதக்கம் வந்தது. பதக்கம் குத்தின பிறகும் அவர் மெஸ் பணியாளாகத்தான் இருந்தார். 1943இல் கப்பலோடு கடலில் மூழ்கிப்போனார்.

இந்தக் கடற்படைக்கு ஏன் கொடுக்கிறாய் என்று லூயிஸைக் கறுப்பர்களே கேட்டார்கள். நியாயமான கேள்வி. இந்த நாட்டில் கோளாறு நிறைய இருக்கு, ஆனா அதையெல்லாம் இட்லர் வந்து சரிபண்ணப் போறதில்லை என்பது அவர் சொன்ன பதிலின் சாரம். இந்தப் பதிலை லேசாய்த் தள்ளிவிட முடியாது. பாசிசம் வென்றால் யார் முதலில் சாவார்கள் என்று அலபாமாவில் பிறந்தவனுக்குத் தெரியும். ஆனால் பதில் சரியாக இருப்பதால் மட்டும் கணக்கு நேராகிவிடாது.

அதே மாசம் நடந்த இன்னொரு விசயம். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் போர்வீரர்களுக்காக இரத்தம் சேகரித்தது. 1941 கடைசியில் கறுப்பர் இரத்தமே வேண்டாம் என்றார்கள். எதிர்ப்பு வந்ததும் 1942 ஜனவரியில் வாங்கிக்கொள்கிறோம், ஆனால் தனியாக வைப்போம் என்றார்கள். வெள்ளை வீரன் உடம்பில் கறுப்பு இரத்தம் ஏறக்கூடாதாம். இரத்தத்தைப் பிளாஸ்மாவாகச் சேமிக்கும் முறையை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர் சார்ல்ஸ் ட்ரூ. அவர் ஒரு கறுப்பின மருத்துவர். இந்தத் தீண்டாமை 1950 வரை நீடித்தது. கறுப்பனின் இரத்தத்தைத் தனிப் புட்டியில் வைத்தவர்களின் தேசம் கறுப்பனின் டாலரைத் தனிப் பெட்டியில் வைக்கவில்லை. காசுக்கு மட்டும் தீட்டு இல்லை.

இங்கே எனக்கு எங்கள் அம்மா பிறந்த ஊர் நினைவுக்கு வருகிறது. அங்கே கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்குவார்கள். ஊரில் எல்லா வீட்டுக்கும் வரி உண்டு. சேரிக்கு மட்டும் கிடையாது. சின்ன வயசில் நான் பெரியம்மாவிடம் கேட்டேன், "நம்மகிட்ட ஏன் பெரிம்மா வாங்கல, நாம ஏழைங்கன்னா?" பெரியம்மா சிரித்தார். "ஏழைன்னு உடுவானுங்களா? வாங்கினா நாளைக்கு நாமளும் தேர்வடத்தப் புடிப்போம், மரியாதை கேப்போம். அதான் வாங்கல." கபடியில் செயித்த எங்கள் பையன்கள் பரிசுப் பணத்தோடு போய், இதத் திருவிழாவுக்கு வெச்சுக்கங்க என்று நீட்டியபோதும் ஊர்க்காரர்கள் கை நீட்டவில்லை. வரி வாங்கினால் பங்கு தரணும் என்பது அவர்களுக்கு நன்றாய்த் தெரியும். அந்த அளவில் அவர்கள் கணக்கு சுத்தம். அமெரிக்கக் கடற்படை இவர்களையும் விஞ்சியது. காசை வாங்கியது, பங்கைத் தரவில்லை.

போட்டிக்கு மறுநாளே லூயிஸ் இராணுவத்தில் சேர மனுக் கொடுத்தார். சாதாரணச் சிப்பாய். மாசச் சம்பளம் 21 டாலர். மார்ச் 27 அன்று ஏப் சைமனோடு இன்னொரு பட்டப் போட்டி, இந்த முறை இராணுவ நிவாரண நிதிக்காக. அதில் 36,146 டாலர் போனது. பிறகு போர் முடியும்வரை முகாம் முகாமாய்ப் போய் 96 கண்காட்சிப் போட்டிகள் ஆடினார். ஏறத்தாழ 20 லட்சம் வீரர்கள் பார்த்தார்கள். அவர் முகத்தைப் போட்டுச் சுவரொட்டி அடித்துக் கறுப்பு இளைஞர்களைப் படைக்குக் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட படையில் கறுப்பனுக்குத் தனிப் பட்டாளம், தனி முகாம். அலபாமாவில் ஓர் இராணுவ முகாமில் லூயிஸும் இன்னொரு பெரும் வீரரான சுகர் ரே ராபின்சனும் வெள்ளையர் பகுதியில் பேருந்துக்குக் காத்திருந்தார்கள் என்று இராணுவப் போலீசு பிடித்துக்கொண்டு போனது. சுவரொட்டியில் இருக்கிறவனைத்தான் பிடித்தது.

லூயிஸ் வெறும் தலையாட்டி இல்லை. இதையும் சொல்லணும். கன்சாஸ் மாநிலத்து ஃபோர்ட் ரைலி முகாமில் படித்த கறுப்பு இளைஞர்களுக்கு அதிகாரிப் பயிற்சி மறுக்கப்பட்டது. அவர்களில் ஒருவர் ஜாக்கி ராபின்சன், பின்னாளில் பேஸ்பால் ஆட்டத்தில் நிறத்தடையை உடைத்தவர். லூயிஸ் தன் செல்வாக்கை வைத்து வாஷிங்டனில் போர்த்துறையில் இருந்த கறுப்பின வழக்கறிஞர் ட்ரூமன் கிப்சனுக்குச் செய்தி அனுப்பினார். கதவு திறந்தது. 1943 ஜனவரியில் ராபின்சன் அதிகாரி ஆனார். லூயிஸ் போர்க்காலத்தில் கொடுத்ததில் எனக்குப் பெரிதாய்ப் படுவது இந்தத் தொலைபேசிப் பேச்சுத்தான். இதற்கு எந்தச் சங்கமும் இரசீது தரவில்லை.

அவர் கொடுத்த பணத்தால் கறுப்பர்களுக்கு உரிமை வந்ததா? இந்த இடத்தில் தேதிகளை வரிசையாய் வைத்துப் பார்ப்பது நல்லது. 1941இல் தொழிற்சங்கத் தலைவர் பிலிப் ராண்டால்ப், போர்த் தளவாடத் தொழிற்சாலைகளில் கறுப்பர்களுக்கு வேலை இல்லையென்றால் ஆயிரக்கணக்கில் வாஷிங்டனுக்கு நடந்து வருவோம் என்றார். ஜூன் 25 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்டார். அந்தத் தொழிற்சாலைகளில் இனப் பாகுபாட்டுக்குத் தடை. 1942 ஜூன் முதல் கடற்படையின் பொதுப்பணி கறுப்பர்களுக்குத் திறந்தது, அதுவும் தனிப் பயிற்சி, தனிப் பிரிவு என்ற நிபந்தனையோடு. அதற்குப் பின்னால் கறுப்பின இயக்கங்களின் நெருக்குதல் இருந்தது. 1948இல் அதே ராண்டால்ப், பிரிவினை உள்ள படையில் கறுப்பு இளைஞர்கள் சேர மறுப்பார்கள் என்று எச்சரித்தார். ஜூலை 26 அன்று அதிபர் ட்ரூமன் படையில் சமத்துவ ஆணையைப் பிறப்பித்தார். அதாவது, கதவைத் திறந்தது முக்கியமாய்க் கொடுத்த கை அல்ல, கொடுக்க மாட்டோம் என்று மடக்கிய கை. 1967இல் முகம்மது அலி வியட்நாம் போருக்கு வரமாட்டேன் என்று சொன்னபோது அவர் லூயிஸின் பட்டத்துக்கு மட்டுமல்ல, ராண்டால்பின் மறுப்புக்கும் வாரிசாக நின்றார். பட்டத்தைப் பிடுங்கினார்கள். ஆனால் அவரிடமிருந்து வாங்க அவர்களுக்கு வேறெதுவும் கிடைக்கவில்லை.

லூயிஸிடமிருந்து வாங்க நிறைய இருந்தது. போருக்குப் பிறகு வருமான வரித்துறை வந்தது.

இது எப்படி வேலை செய்தது என்று நம் தோழர்கள் புரிந்துகொள்ளணும். போட்டிப் பணத்தை லூயிஸ் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் சட்டத்தின் பார்வையில் அது முதலில் அவர் வருமானம், பிறகுதான் நன்கொடை. நன்கொடைக்கு வரிக்கழிவு உண்டே என்று கேட்கலாம். அன்றைய சட்டத்தில் தனி ஆள் தன் வருமானத்தில் நூற்றுக்கு 15 வரைதான் தர்மக் கழிவு காட்ட முடியும். சொத்துள்ளவன் தன் பணத்தில் ஒரு துண்டை எடுத்துக் கொடுப்பதற்கு ஏற்ற சட்டம் அது. கையில் இருப்பதை முழுசாய்த் தூக்கிக் கொடுக்கிறவனை அந்தச் சட்டம் கற்பனை பண்ணிக்கூடப் பார்க்கவில்லை. அதோடு போர்க்கால வரி விகிதம். 1942, 43இல் உச்சப் படிநிலையில் நூற்றுக்கு 88. 1944, 45இல் 94.

அந்த இரண்டு போட்டிகளால் மட்டுமே அவர் கடனாளி ஆனார் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது கண்ணீர்க் கதை ஆகிவிடும். குத்துச்சண்டைத் தொழிலின் அமைப்பே அவரைத் தின்றது. தொழில் வாழ்வில் அவர் பெயரில் வந்த பணம் 46 லட்சம் டாலருக்கு மேல். அவர் கைக்கு வந்தது சுமார் 8 லட்சம். மிச்சம் மேலாளர்களுக்கும் மற்றவர்களுக்கும். போட்டி நடத்துநர் மைக் ஜேக்கப்சிடம் முன்பணம் வாங்கி வாங்கி வீட்டாருக்கு வீடு, கார், படிப்பு என்று செலவு செய்தார். அடுத்த போட்டிப் பணம் வந்ததும் ஜேக்கப்ஸ் பிடித்துக்கொள்வார். அலபாமாப் பருத்திக் காட்டின் கடைக்கணக்கு நியூயார்க் அலுவலகத்தில் தட்டச்சில் அடிக்கப்பட்டது, அவ்வளவுதான் வித்தியாசம். உணவகம், பால் கம்பெனி, காப்பீட்டுக் கம்பெனி என்று அவர் தொடங்கிய தொழில்கள் ஒவ்வொன்றாய் மூழ்கின.

வரித்துறை போட்ட தொகை 5 லட்சம் டாலர். வருசா வருசம் வட்டி. 1949இல் ஓய்வு அறிவித்திருந்த மனுசன் கடனுக்காக மறுபடி கையுறை மாட்டினார். 1950இல் எஸார்ட் சார்ல்சிடம் தோற்றார். 1951 அக்டோபர் 26 அன்று, 37 வயசில், இளைஞன் ராக்கி மார்சியானோ அடித்து மேடைக் கயிற்றுக்கு வெளியே தள்ளினான். அப்படி உதை வாங்கிச் சம்பாதித்ததிலும் நூற்றுக்குத் தொண்ணூறு வரிக்குப் போனது. மிச்சம் வட்டிக்கே காணவில்லை. 1953இல் அவர் அம்மா லில்லி செத்துப்போனார். மகனுக்கென்று எழுதிவைத்திருந்தது 667 டாலர். அதையும் வரித்துறை எடுத்துக்கொண்டது. நிவாரணப் பணத்தில் பிள்ளைகளை வளர்த்த தாயின் சேமிப்பு அது. நகராட்சி கேட்காமலே மகன் திருப்பிக் கட்டினாரே, அந்த வீட்டிலிருந்துதான் கடைசிக் காசையும் வழித்தெடுத்தார்கள்.

1956இல் வயிற்றுப்பாட்டுக்காகக் காசுக்கு ஆடும் மல்யுத்த மேடைக்குப் போனார். ஐம்பதுகளின் இறுதியில் கடன் வட்டியோடு 10 லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில்தான், அன்றாட வருமானத்துக்கு ஏற்ப வாங்கிக்கொள்வதாக வரித்துறை இறங்கிவந்தது. கடைசிக் காலத்தில் லாஸ் வேகாஸ் நகரத்துச் சூதாட்ட விடுதி வாசலில் வருகிறவர்களுக்குக் கைகொடுத்து வரவேற்கும் வேலை. 1981 ஏப்ரல் 12 அன்று செத்துப்போனார். ஆர்லிங்டன் தேசிய இராணுவக் கல்லறையில் புதைக்க அதிபர் ரீகன் விதியைத் தளர்த்தினார். அடக்கச் செலவில் ஒரு பகுதியைக் கொடுத்தவர் 1938இல் அவரிடம் உதை வாங்கிய ஷ்மெலிங். அரசு கொடுத்தது ஆறடி மண்ணும் மரியாதைக் குண்டும்.

லூயிஸைப் பற்றி வந்த எழுத்துகளில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு சொல் உண்டு: ஊதாரி. கேட்டவனுக்கெல்லாம் காசு கொடுத்தான், கணக்கு வைக்கத் தெரியவில்லை, ஏமாந்தான். இதில் உள்ள சூழ்ச்சியைக் கவனியுங்கள். கடற்படைக்குக் கொடுத்தால் தேசபக்தி. அக்காவுக்கு வீடு வாங்கிக் கொடுத்தால், தெருவில் வேலையில்லாமல் நிற்கும் பழைய கூட்டாளிக்கு நோட்டை நீட்டினால் ஊதாரித்தனம். மேல்நோக்கிப் போன பணத்துக்குப் பதக்கம். பக்கவாட்டில் போன பணத்துக்கு ஏளனம். ஒரு குடும்பத்தில், ஒரு தெருவில் ஒருத்தன் மட்டும் மேலே வந்துவிட்டால் அவன் தலையில் எத்தனை வயிறு ஏறி உட்காரும் என்பது நம் ஆட்களுக்குத் தெரியும். முதல் தலைமுறையாய்ச் சம்பளம் வாங்குகிற எந்தத் தலித் குமாஸ்தாவைக் கேட்டாலும் சொல்லுவான். அது தர்மமும் இல்லை, ஊதாரித்தனமும் இல்லை. பறிக்கப்பட்ட கூலியை ஒருத்தன் வழியாகப் பலபேர் திரும்ப வாங்குகிற ஏற்பாடு.

இந்தப் பக்கவாட்டுக் கொடையை வேறு விதமாய்ச் செய்தவர்களும் இருந்தார்கள். புவர்ட்டோ ரிக்கோத் தீவின் கறுப்பின பேஸ்பால் வீரர் ராபர்ட்டோ கிளெமென்டே. கரும்புக் காட்டு வேலைக்காரக் குடும்பம். 1972 டிசம்பர் 23 அன்று நிகராகுவாவின் மனாகுவா நகரம் நிலநடுக்கத்தில் இடிந்தது. தன் தீவில் வீடு வீடாய் நிவாரணம் திரட்டி அனுப்பினார். சொமோசா சர்வாதிகாரத்தின் படையாட்கள் அதை வழியிலேயே சுருட்டுகிறார்கள் என்று சேதி வந்தது. நானே போனால் எடுக்க மாட்டார்கள் என்று டிசம்பர் 31 இரவு, அளவுக்கு மேல் பாரம் ஏற்றிய பழைய விமானத்தில் ஏறினார். கிளம்பின கொஞ்ச நேரத்தில் விமானம் கடலில் விழுந்தது. உடல் கிடைக்கவே இல்லை. அவர் காசோலையை அனுப்பிவிட்டு வீட்டில் இருந்திருக்கலாம். கொடுத்தது போய்ச் சேருகிறதா என்று பார்ப்பதும் கொடையில் சேர்ந்தது என்று நினைத்தார்.

ஜாக்கி ராபின்சன் இன்னொரு வழி காட்டினார். 1963இல் தன் வீட்டுப் புல்வெளியில் மனைவி ரேச்சலோடு சேர்ந்து ஜாஸ் இசை நிகழ்ச்சி நடத்திப் பணம் திரட்டினார். அனாதை இல்லத்துக்கு அல்ல, மருத்துவமனைக்கு அல்ல. தெற்கில் போராடிச் சிறைக்குப் போன குடியுரிமைப் போராளிகளை ஜாமீனில் எடுக்க. லூயிஸ் ஒருநாள் திறந்துவிட்ட கதவு வழியாய் வந்தவர் கொடுத்த கொடை அது.

1946இல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். இரு மக்களின் நிலைமையும் மிக ஒத்தது என்பது அதன் சாரம். கொடை பற்றிய கேள்வியிலும் ஒப்புமை இருக்கிறது. 1932இல் தீண்டாமை ஒழிப்புக்கென்று சாதி இந்துக்கள் அமைப்பு தொடங்கியபோது, பிற்பாடு அதுதான் ஹரிஜன சேவக் சங்கம் ஆனது, அம்பேத்கர் தக்கருக்கு எழுதிய கடிதத்தில், தனி ஆட்களைக் கைதூக்கிவிடும் தர்மகாரியம் வேண்டாம், கிணறும் பள்ளியும் பொது இடமும் எல்லோருக்கும் என்று குடிமை உரிமைக்காகச் சண்டை போடுங்கள் என்றார். அவர்கள் கேட்கவில்லை. மேலிருந்து வரும் தர்மம் நம்மைச் சும்மா இருக்கச் சொல்கிறது. கீழிருந்து மேலே போகும் தர்மம் நம்மை நல்லவன் என்று நிரூபிக்கச் சொல்கிறது. இரண்டிலும் கணக்குப் புத்தகம் அவர்கள் கையில்தான்.

நம் பக்கத்தில் யார் எழுதிவைத்திருக்கிறார்கள்? வடசென்னையில் கையுறை மாட்டி வாங்கின பரிசில் தங்கச்சி கல்யாணத்தை முடித்தவன், கபடிக் கோப்பையை விற்றுக் கூட்டாளிக்கு மருந்து வாங்கினவன், ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்ததும் சேரிப் பையன்கள் பத்துப் பேருக்கு சப்பாத்து வாங்கிக் கொடுத்தவன், இப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். எந்தப் பத்திரிகையிலும் அவர்கள் பெயர் வரவில்லை. மாணவத் தோழர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு நோட்டு வாங்குங்கள். வயசானவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள், யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள், அது யாரிடமிருந்து பறிக்கப்பட்ட கூலி, கொடுத்த பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்று. தேதி போட்டு எழுதுங்கள். நம் கணக்கை இனி நாமே எழுதுவோம்.